வீடுகளை எண்ணிவிட்டீர்கள், தூரத்தை எப்போது எண்ணுவீர்கள்?

மதிப்பிற்குரிய நகரத் திட்டமிடுவோருக்கும், வீட்டு வசதித் துறை அதிகாரிகளுக்கும், பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இந்த மடல் குறிப்பிட்ட ஒரு நகரத்தின் அலுவலகத்துக்கு எழுதப்பட்டதல்ல. நிலம் தேடி, வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு, கடைசியில் மேடை போட்டு சாவி கொடுக்கிறவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கானது. வீட்டு வசதித் திட்டங்களின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. விநோதமான பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். எத்தனை வீடுகளுக்கு அனுமதி, எத்தனைக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று, எத்தனை முடிந்தன, ஒரு வீட்டுக்கு என்ன செலவு என்று எல்லாம் அட்டவணையாக இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்குக் குடிவருகிறவர் வேலைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு காசு ஆகும் என்பதை மட்டும் தேடித்தேடிப் பார்த்தும் காண முடிவதில்லை. என் புகார் முழுக்க விடுபட்ட அந்த எண்ணைப் பற்றியது.

அது ஏன் விடுபடுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் மானியம் என்று மேலிடத்தில் முடிவாகிவிடுகிறது. சிமெண்டும் கம்பியும் நகருக்குள் கட்டினாலும் வெளியே கட்டினாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். கூலியும் பெரிதாக மாறாது. மாறுவது நிலத்தின் விலை மட்டும். அதனால் கோப்பு, விலை குறைந்த நிலத்தைத் தேடிக்கொண்டு ஊருக்கு வெளியே வெளியே என்று போய்க்கொண்டே இருக்கிறது. அந்த நிலம் ஏன் மலிவு? அங்கே பேருந்து இல்லை, வேலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கழிவுநீர்க் குழாய் இல்லை. இத்தனை இல்லாமைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தள்ளுபடி. தள்ளுபடியை நீங்கள் ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறீர்கள். அதற்கான விலையை அங்கே குடியிருப்பவர் முப்பது வருஷத்துக்குத் தினமும் கட்டுகிறார். உங்கள் கணக்கில் அது எங்குமே செலவாக வராததால், திட்டம் சிக்கனமாக முடிந்தது என்று அறிக்கை சொல்கிறது.

இது கற்பனை இல்லை. மெக்ஸிகோவில் 2000க்குப் பிறகு, தொழிலாளர் வீட்டுக் கடன் நிதியின் பணத்தை நம்பித் தனியார் நிறுவனங்கள் நகர விளிம்புகளில் ஒரே அச்சில் வார்த்த சின்னச்சின்ன வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளின. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது பெரிய சாதனை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடப்பது தெரிந்தது. ஏழு வீட்டில் ஒன்று. அவை எல்லாமே கடன் திட்டத்தில் கட்டியவை என்று சொல்ல முடியாது. ஆனால் விளிம்பில் கட்டிய குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் கிளம்பிப் போனது ஊரறிந்த சேதி. கடனில் வாங்கிய வீட்டை, கடனும் முடியாத நிலையில், பூட்டிவிட்டுப் போனார்கள். அங்கிருந்து வேலைக்குப் போய்வருவது அவ்வளவு கடினமாக இருந்தது. 2013இல் அந்த வீடுகளைக் கட்டிய பெரிய நிறுவனங்களே கடனைத் திருப்ப முடியாமல் தள்ளாடின.

தென்னாப்பிரிக்கா இன்னொரு விதம். 1994க்குப் பிறகு அங்கே அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் 30 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பெரிய மனசு எந்த அரசுக்கும் எளிதில் வராது. ஆனால் மலிவு நிலத்தைத் தேடிப் போனதால் அவற்றில் பல, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த அதே விளிம்புகளில், சில இடங்களில் அதற்கும் அப்பால் போய் நின்றன. சட்டம் போட்டுப் பிரித்து வைத்ததைச் சட்டம் போன பிறகு நிலத்தின் விலை காப்பாற்றிக்கொண்டது.

நான் கிட்டே இருந்து பார்த்த ஒரு குடியிருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு உங்கள் ஊர் என்றே தோன்றும். அங்கே வீடு கிடைத்த ஒரு பெண், முன்பு நகருக்குள் மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர். மூன்றும் நடை தூரம். நடுவில் தன் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். புது வீட்டுக்கு வந்ததும், காலைப் பேருந்தைப் பிடித்துப் போய்ச் சேரும் நேரத்துக்கு முதல் வீட்டில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதால் மூன்றாவது வீட்டை அவரே விட்டுவிட்டார். வீடு சொந்தமானது, வருமானம் மூன்றில் ஒன்றானது. அந்த ஒன்றிலும் பேருந்துக்குப் பங்கு. உங்கள் பதிவேட்டில் அவர் ‘பயனாளி’. குழாயில் தண்ணீர் வருகிறது, சுவர் ஒழுகவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்டதற்கு அவரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். அவர்கள் வீட்டைப் பற்றித்தானே கேட்டார்கள்.

அதே குடியிருப்பில் தரைத்தள வீடு ஒன்றின் ஜன்னல் கம்பிக்குள் சோப்பும் தீப்பெட்டியும் பென்சிலும் அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துச் சுவரில் துறையின் அறிவிப்பு: குடியிருப்பை வணிகத்துக்குப் பயன்படுத்துவது விதிமீறல், ஒதுக்கீடு ரத்தாகும். அந்த ஜன்னலை நான் விதிமீறலாகப் பார்க்கவில்லை. உங்கள் வரைபடத்தைக் குடியிருப்பவர்கள் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கடை வைக்க மறந்த இடத்தில் கடை முளைத்திருக்கிறது. மறந்த இடத்தில் ஒற்றையடிப் பாதையும் விழுந்திருந்தது. சுற்றுச்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் செங்கலைப் பெயர்த்திருந்தார்கள், அந்தப் பக்கம்தான் பேருந்து நிறுத்தம். கட்டி முடித்து ஒரு வருஷம் கழித்து ஒரு குடியிருப்பைச் சுற்றி வந்து, எங்கெங்கே விதி மீறப்பட்டிருக்கிறது என்று குறித்தாலே அடுத்த திட்டத்துக்கு வேண்டியதில் பாதி கிடைத்துவிடும். அபராத ரசீதோடு போகாமல் நோட்டுப் புத்தகத்தோடு போக வேண்டும், அவ்வளவுதான்.

இனி, பணமில்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். சிலி நாட்டின் இக்கிக்கே நகரத்தைப் பாருங்கள். நகரின் நடுவில் அரை ஹெக்டேர் நிலத்தில் ஏறக்குறைய நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், சாலை, வீடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அந்த நிலத்தின் விலையோ இப்படிப்பட்ட திட்டங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விலையைப் போல மூன்று மடங்கு. எந்தத் துறையாக இருந்தாலும் கோப்பை மூடிவிட்டுப் பாலைவனத்தின் ஓரத்தில் இடம் பார்த்திருக்கும். கட்டடக்கலைஞர் அலெகாந்த்ரோ அரவேனாவின் எலமென்டல் குழு மூன்று மடங்கு விலையைக் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பாதியாக்கியது. சமையலறை, குளியலறை, மாடிப்படி, பக்கத்து வீட்டோடு சேரும் கனமான சுவர் என்று ஒரு குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளக் கடினமானதை எல்லாம் அவர்கள் கட்டினார்கள். பக்கத்திலேயே ஒரு வீட்டளவு வெற்றிடம் விட்டார்கள். 36 சதுர மீட்டர் வீடு, குடும்பங்கள் தங்கள் கைக்காசில் மெல்ல மெல்லக் கட்டிக்கொள்ள, 72 சதுர மீட்டர் ஆனது. 2004இல் முடிந்த வேலை இது. 2016இல் அரவேனாவுக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது உலகம் முழுக்க இதைப் பேசினார்கள்.

அரைவீட்டைக் கொடுத்துவிட்டு அரசு கைகழுவிக்கொள்ள இது ஒரு சாக்கு என்று விமர்சிப்பவர்களும் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. முழு வீட்டையும் நல்ல இடத்தில் கொடுக்க முடிந்த அரசு கொடுக்கட்டும். ஆனால் பணம் நிஜமாகவே போதாதபோது எதைக் குறைப்பது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதுதான் நேர்மையான பதில். குறைந்த பரப்பை ஒரு குடும்பம் நாளடைவில் கூட்டிக்கொள்ளும். தூரத்தை எந்தக் குடும்பத்தாலும் குறைத்துக்கொள்ள முடியாது.

இதைக் கணக்காகவும் எழுதலாம். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் அது கட்டுப்படியாகும் வீடு என்பது அமெரிக்காவில் நெடுநாளாக இருந்துவரும் அளவுகோல். அங்கே சிகாகோவில் உள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுச் செலவோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு குறியீட்டை உருவாக்கியது. பழைய அளவுகோலில் மலிவாகத் தெரிந்த தொலைதூரப் பகுதிகள் பல, புதிய அளவுகோலில் மலிவாக இல்லை. ஒரே ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்ததும் பட்டியல் தலைகீழாகிறது என்றால், அந்த நெடுவரிசை இல்லாத நம் பட்டியல்களை என்னவென்று நம்புவது?

நேரத்துக்கும் இதே கதிதான். போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஸஹாவியின் ஆய்வுகளை அடிப்படையாக வைத்து, இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கருத்தை எழுதினார்: மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வாகனம் வேகமாக வேகமாக ஊர் விரிகிறதே தவிர அந்த ஒரு மணி நேரம் அப்படியே இருக்கிறது. சராசரி என்பது சராசரிதான், எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று ஒருவரைக் குடிவைத்தால், மீதி மூன்று மணி நேரம் அவருடைய தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும்தான் வருகிறது.

நகருக்குள் நிலமே இல்லை என்பது அடுத்த பதில். இதை நான் முழுசாக நம்பவில்லை, மன்னிக்கவும். கைவிடப்பட்ட கிடங்குகள், ஓடாத ரயில் பாதையை ஒட்டிய யார்டுகள், நாலு ஏக்கரில் ஒற்றை மாடியோடு நிற்கும் அரசு அலுவலகங்கள் இல்லாத நகரம் எது? ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் பிரெஞ்சு ராணுவம் 1992இல் காலி செய்த முகாம்தான் வௌபான் என்ற குடியிருப்பானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து வேறு வழியில் போனது. 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்டலாம் என்று விதியை மாற்றினார்கள். இந்த மாற்றத்துக்காக அரசு நிலம் வாங்கவோ செங்கல் வைக்கவோ வேண்டியிருக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் அதுவரை காணாத அளவுக்கு ஏறின. தனி வீடு இருந்த மனையில் நாலு வீடு வந்தது.

நிலம் இல்லை என்கிற அதே விதிப்புத்தகம் கார்களுக்கு எவ்வளவு நிலம் ஒதுக்குகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கார் நிற்கும் இடம், அது திரும்ப வழி, ஏறி இறங்கும் சரிவு எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போகும். ஓர் ஓரறை வீட்டின் அளவு அது. இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்தும் இடம் கட்டாயம் என்று விதி எழுதும்போது, கார் இல்லாத குடும்பத்திடமிருந்தும் காருக்கு வாடகை வாங்குகிறோம். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் குறைந்தபட்சக் கட்டாயத்தை நகரம் முழுக்க நீக்கியது. மெக்ஸிகோ சிட்டி அதே ஆண்டு குறைந்தபட்சம் என்று இருந்ததை அதிகபட்சமாகத் திருப்பிப் போட்டது. கார் வைத்திருப்பவர்கள் எங்கே நிறுத்துவார்கள் என்ற கேள்வி உடனே வரும். வேண்டுமென்கிறவர் காசு கொடுத்து இடம் வாங்கிக்கொள்ளலாம். இடத்தை யாரும் தடை செய்யவில்லை, கட்டாயத்தைத்தான் எடுத்தார்கள்.

சரி, எல்லாம் பார்த்த பிறகும் வெளியேதான் கட்ட வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். மக்கள்தொகை வேகமாக ஏறும் நகரங்களில் அப்படி நேரத்தான் செய்யும். அப்போது வரிசையையாவது மாற்றுங்கள். வீடு முதலில், பேருந்து அப்புறம் என்பதுதான் எங்கும் வழக்கம். அந்த ‘அப்புறம்’ எவ்வளவு நீளம் என்பது குடிவந்தவர்களுக்குத்தான் தெரியும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் 1947இல் போட்ட ஐந்து விரல் திட்டத்தில், புறநகர் ரயில் பாதைகள்தான் விரல்கள். வீடுகள் அந்தப் பாதைகளை ஒட்டி வளர வேண்டும், விரல்களுக்கு நடுவில் உள்ள வயலும் காடும் அப்படியே கிடக்க வேண்டும் என்று வைத்தார்கள். பிரேசிலின் குரிச்சிபா 1974இல் பேருந்துக்கென்றே தனித்தடம் ஓடவிட்டு, உயரமான கட்டடங்களை அந்தத் தடங்களின் ஓரத்தில் அனுமதித்தது. ரயில் போடப் பணம் இல்லாத நகரம் பேருந்தை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது. எங்கே அதிகம் பேர் வாழலாம் என்பதைப் போக்குவரத்துப் பாதை முடிவு செய்தது, நிலத்தரகர் அல்ல.

சிங்கப்பூரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஆனால் கொஞ்சம் எச்சரிக்கையோடு. 1961இல் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி எரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தபோது, அதற்கு முந்தின ஆண்டுதான் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவர்களை ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை முடிக்கவில்லை. எரிந்த அதே இடத்தில் அடுக்குமாடிகளை எழுப்பியது. பின்னால் கட்டிய புதுநகர்களில் பள்ளி, சந்தை, மருத்துவமனையோடு மாசு குறைந்த தொழிற்கூடங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். வேலையும் வீட்டுப்பக்கம் வந்தது. எச்சரிக்கை ஏன் என்றால், 1966ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் போன்ற கடுமையான அதிகாரம் கையில் இருந்ததால் அவர்களுக்கு அது சாத்தியமானது. நிலத்தை இழந்தவர்கள் கதையும் அதில் இருக்கிறது. உயர்ந்த கட்டடத்தின் படத்தை மட்டும் நகலெடுத்து வந்து, அதன் கீழே இருந்த சந்தையையும் பள்ளியையும் விட்டுவிட்ட திட்டங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பெண்களின் நடமாட்டத்தைக் கணக்கில் எடுத்த நகரம் என்றால் வியன்னா. 1997இல் அங்கே முடிந்த ஃப்ராவன்-வெர்க்-ஸ்டாட் குடியிருப்பைப் பெண் கட்டடக்கலைஞர்கள் வரைந்தார்கள். மழலையர் பள்ளியும் மருத்துவரும் மருந்துக்கடையும் வளாகத்திலேயே இருந்தன. குழந்தை வண்டியை நிறுத்தி வைக்கத் தளத்துக்குத் தளம் இடம் விட்டார்கள். ஆண்களை மனதில் வைத்துத் தயாரான போக்குவரத்துத் திட்டம் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு நேர்க்கோடு போடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, முதியவருக்கு மருந்து வாங்கி, வேலைக்கும் போய்த் திரும்புகிறவரின் பாதையில் கோடு நேராக இருக்காது. அந்தக் கோணல் கோட்டில்தான் தூரத்தின் வலி அதிகம். முன்பு சொன்ன அந்த மூன்று வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான்.

பக்கத்தில் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்காக அரசு கட்டிய ப்ரூட்-ஐகோ குடியிருப்பு நகர மையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 11 மாடியில் 33 கட்டடங்கள். 1950களின் நடுவில் கட்டி, 1972இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று உங்கள் மேசைக்கு நேராக வருவது: கட்டப் பணம் வந்தது, பராமரிப்பை வாடகையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள், வாடகையோ ஏழைகளின் வாடகை. லிஃப்ட் நின்றது, குழாய் வெடித்தது, ஆட்கள் கிளம்பினார்கள், வாடகை இன்னும் குறைந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை.

மலிவு நிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பல ஊர்களில் அது மலிவாகக் கிடப்பதற்குத் தொலைவு மட்டும் காரணமல்ல, தாழ்வும் காரணம். மழைத் தண்ணீர் தேங்க வேண்டிய இடம் அது. இவ்வளவு காலம் ஏன் ஒருத்தரும் இங்கே வீடு கட்டவில்லை என்று பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி, கட்டடத்தின் மேலே சூரியத் தகடு வைத்து, பசுமைச் சான்றிதழும் வாங்கிவிடுகிறோம். அந்தக் கட்டடத்திலிருந்து தினமும் காலையில் கிளம்பும் நூற்றுக்கணக்கான இருசக்கர வாகனங்களின் புகை எந்தச் சான்றிதழில் வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மனையைத் தேர்வு செய்யும் முன், அங்கே குடிவரப் போகிறவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். சராசரி வேண்டாம், ஆள் ஆளாக. புது மனையிலிருந்து அந்த இடங்களுக்குக் காலை நேரத்தில் பேருந்தில் போக ஆகும் நேரத்தையும் கட்டணத்தையும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில், வீட்டின் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பேருந்து நிறுத்தம் 500 மீட்டருக்குள், ரயில் போன்ற பெரிய போக்குவரத்து என்றால் 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நகரங்களுக்கான 11ஆம் இலக்கு ஏற்கனவே அளவு வைத்திருக்கிறது. புதிதாக நீங்கள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுப் பயணச் செலவை நிலத்தின் விலையோடு கூட்டிவிட்டு, பிறகு எந்த மனை மலிவு என்று பாருங்கள். வெளியே கட்டினால் சாவி கொடுக்கும் தேதியும் முதல் பேருந்து ஓடும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும், பேருந்து தயாராகவில்லை என்றால் விழாவைத் தள்ளிப் போடுங்கள். இடத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கோடு ஒரு திட்ட அறிக்கை டெண்டருக்கு முன்னால் வெளியானால், கட்டடத்தின் நிறத்தைப் பற்றியோ பால்கனியின் அகலத்தைப் பற்றியோ என்னைப் போன்றவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம். எண் தப்பாக இருந்தால் மட்டும் எழுதுவோம்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்